ஏழாம் நம்பர் முத்திரை

மேனேஜர் டிராயரை இழுத்தாரு, அவ முத்திரையை உள்ள போட்டாரு, பூட்டிட்டு சாவியைச் சட்டைப் பையில போட்டுக்கிட்டாரு. கட்டைவிரல் உயரத்துக்கு ஒரு ரப்பர் முத்திரை. வட்டம், வட்டத்துக்குள்ள ஏழு. அவ்வளவுதான். ஆனா அந்தக் கம்பெனியில அது இல்லாம ஒருத்தரும் பூச்சுத் துப்பாக்கியைத் தொடக்கூடாது. யார் அடிச்சாங்களோ அவங்க நம்பர் அந்தச் சாமானோட போற அட்டையில விழுந்தாகணும். பதினாலு வருஷமா அவ அட்டையில ஏழு விழுந்து விழுந்து, கடைசியில அவ பேரே ஏழுன்னு ஆயிடுச்சு.

"வியாழக்கிழமை வரைக்கும் இது இங்கயே இருக்கட்டும்மா," ன்னாரு மேனேஜர். "கஸ்டமர் இன்ஸ்பெக்டர் மறுபடி வராரு. இந்தத் தடவை நீங்க அடிக்கிறதைப் பக்கத்துல நின்னு பார்ப்பாரு. அவருக்குத் திருப்தின்னா எடுத்துக்கோங்க. இல்லேன்னா பேக்கிங். சம்பளம் ஒண்ணும் குறையாது."

"சம்பளத்தை யார் சார் கேட்டா?"

"கோபப்படாதீங்க."

"நான் எங்க சார் கோபப்பட்டேன்? என் முத்திரையை நீங்கதான் எடுத்தீங்க."

பேக்கிங்னா, பளபளன்னு இருக்கிற பிளாஸ்டிக்ல சுத்தி அட்டைப் பெட்டியில அடுக்குறது. கேவலமான வேலை ஒண்ணும் இல்ல. ஆனா பதினாலு வருஷம் அடுப்பு முன்னாடி நின்னு சமைச்சவளைக் கூப்பிட்டு, 'நாளையிலேர்ந்து நீ தட்டு மட்டும் கழுவு, சம்பளம் அதேதான்'னு சொன்னா எப்படி இருக்கும்? அப்படி இருந்துச்சு அவளுக்கு.

அவ வேலை இதுதான். பெரிய எஞ்சினுக்குள்ள தீ எரியிற எடத்தைச் சுத்தி வளைஞ்ச தகடுங்க இருக்கும், உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெருசா. அந்தத் தீயோட சூட்டுக்கு இரும்பு தாங்காது, நிக்கலும் தாங்காது, இளகிடும். அதனால தீ படுற பக்கத்துல ஒரு வெள்ளைப் பூச்சு அடிப்பாங்க. பீங்கான் ஜாதி, செராமிக். விசிட்டிங் கார்டு கனம்தான் இருக்கும். அந்தக் கனம்தான் தகட்டுக்கும் தீக்கும் நடுவுல நின்னு அடி வாங்குது. துப்பாக்கி வாயிலேர்ந்து வர்ற சுவாலையில தூளைத் தூவினா, அது பறக்கும்போதே உருகி, போய்த் தகட்டுல சப்புன்னு அப்பிக்கும். சத்தம்னா சத்தம், ஏரோப்ளேனைக் காதுக்குள்ள நிறுத்தின மாதிரி. இருட்டுக் கண்ணாடி, காதுக்கு மூடி, தலைக்கு உறைன்னு எல்லாம் மாட்டிக்கிட்டுத்தான் அந்த ரூமுக்குள்ள நிக்கணும்.

சும்மா வழவழப்பா இருக்கிற தகட்டுல அடிச்சா பூச்சு நிக்காது. அதுக்கு முன்னாடி மணலை வேகமா ஊதி, அம்மி கொத்தின மாதிரி சொரசொரப்பாக்கணும். அதைச் செய்யிறவருக்குப் பட்டப்பேரே மணல். புருவத்துல, மூக்கு முடியில எல்லாம் தூசி. அவர் கொத்திக் கொடுத்ததுக்கு அப்புறம் தகட்டைக் கையுறை இல்லாம யாரும் தொடக்கூடாது. தொட்டா எண்ணெய்ப் பிசுக்குச் சுவத்துல சுண்ணாம்பு அடிச்ச கதைதான்.

இதெல்லாம் அவளுக்குத் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் தெரியும். அதுதான் வயித்தெரிச்சல்.

ரெண்டு மாசத்துல மூணு லாட், மொத்த மொத்தமா மூணு தடவை அனுப்பினது, உரிஞ்சு திரும்பி வந்திருக்கு. ஒவ்வொரு லாட்லயும் ரெண்டு தகட்டை எடுத்து கஸ்டமர் உலையில வச்சுக் காய்ச்சுவாங்க, ஆற விடுவாங்க, மறுபடி காய்ச்சுவாங்க. எஞ்சின் ஓடி நின்னு ஓடி நிக்கிற மாதிரி. நூத்துக்கணக்குல தடவை. அதுல பூச்சு உரிஞ்சா லாட்டே போச்சு. அதுல ஒரு வேடிக்கை, தகட்டோட கூடவே வட்ட வட்டமா சின்ன வில்லைங்களுக்கும் அதே கையோட அடிச்சு அனுப்புவாங்க, சோதனைக்குன்னே. அந்த வில்லை ஒண்ணு கூட உரியல. தகடு மட்டும்தான் உரியுது.

"அப்ப என்ன அர்த்தம்?" ன்னு மேனேஜர் கேட்டாரு. அவரே பதிலும் சொல்லிக்கிட்டாரு. "சோதனை வில்லைக்குக் கவனமா அடிக்கிறீங்க. தகட்டுக்கு ஏனோதானோன்னு அடிக்கிறீங்க. ரிப்போர்ட்லயும் அதான் எழுதியிருக்கு. கோடு கோடா உரிஞ்சிருக்காம். கை நடுக்கம்."

"கை நடுக்கமா? எனக்கா?" அவ ரெண்டு கையையும் அவர் மூக்குக்கு நேரா நீட்டினா. ஒரு விரல் ஆடல. "உரிஞ்ச தகட்டை ஒரு தடவை என் கையில குடுங்க சார். மூணு வாரமா கேட்கிறேன்."

"போட்டோ காட்டினேன்ல."

"உங்க போன்ல அது கல்யாண வீட்ல தூரமா நிக்கிற சொந்தக்காரர் மாதிரி தெரியுது சார்."

வேண்டா வெறுப்பா ஒரு தகட்டை எடுத்துக் குடுத்தாரு. மூணு கோடு. பக்கத்து பக்கத்துல, ஒரே அளவுல, பூனை பிராண்டின மாதிரி. அந்த எடத்துல மட்டும் வெள்ளை போய் அடியில கறுத்த உலோகம் தெரியுது. அவ தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தா.

"சார், நான் நீளவாக்குல அடிக்கிறேன். இது குறுக்கால உரிஞ்சிருக்கு. என் கை நடுங்கியிருந்தா நீளத்துக்குத்தானே உரியணும்?"

"அந்த ஆராய்ச்சியெல்லாம் கஸ்டமர்கிட்ட சொல்லுங்க," ன்னு தகட்டை வாங்கி முத்திரையோட சேர்த்து டிராயர்ல போட்டுட்டாரு. அந்த டிராயர்தான் அவருக்கு நீதிமன்றம்.

வீட்டுல யார்கிட்ட சொல்றது? வீட்டுக்காரர் பஸ் டிரைவர். "ஹாரன் அடிச்சா வழி விட்டுட்டுப் போ, எதுக்கு சண்டை"ன்னு எல்லாத்துக்கும் ஒரே வைத்தியம். அவரோட தங்கச்சி, புருஷன் வெளியூர் வேலைக்குப் போயிருக்கிறதால ஆறு மாசமா இவங்க கூடத்தான் இருக்கா. அவ வாய் சும்மா இருக்குமா?

"அண்ணி, முத்திரைக்கா இவ்வளவு அழுகை? முக்குக் கடையில சொன்னா ஒரு மணி நேரத்துல பண்ணித் தருவான். ஏழு வேணுமா, எட்டு வேணுமா?"

"உன் வாய்க்குத்தான் ஒரு முத்திரை வைக்கணும். அதைப் பண்ணித் தருவானான்னு கேளு."

"வெள்ளையடிக்கிற வேலைதானே அண்ணி. எந்தச் சுவரா இருந்தா என்ன?"

அவ சாப்பிட்ட தட்டை மட்டும் கொஞ்சம் சத்தமா வச்சா. வெள்ளையடிக்கிற வேலையாம். இவ அடிக்கிற வெள்ளை ஒரு எடத்துல உரிஞ்சா எஞ்சினே ஓட்டையாகும். அதை இந்த வீட்ல யாருக்குப் புரிய வச்சு என்ன ஆகப் போகுது?

புதன்கிழமை காலையில வீட்டுக்காரர் வெந்நீர்ல குளிச்சிட்டு வந்தாரு. அவ முகம் கழுவப் போனா. குளியலறை பூரா ஆவி. முந்தின நாள்தான் அந்தக் கண்ணாடியை அவ பேப்பர் போட்டுப் பளிச்சுன்னு துடைச்சிருந்தா. இப்ப கண்ணாடி முழுக்க ஆவி படிஞ்சிருக்க, ஓரத்துல மட்டும் ஒரு கை. அஞ்சு விரலும் தெளிவா.

"என்னங்க! கண்ணாடியைத் தொட்டீங்களா?"

"நானா? நான் ஏன் தொடப் போறேன்?"

"அப்ப இது யார் கை? பேயா?"

"ஓ... நேத்து ஷேவ் பண்ணும்போது லேசா ஊன்றினேன். கை காஞ்சுதான் இருந்துச்சு. தொட்ட அடையாளமே தெரியலையே."

அவ அதுக்கு மேல திட்டல. அவரே பயந்துட்டாரு, என்ன இவ இதோட விட்டுட்டாளேன்னு. அவ கண்ணாடியையே பார்த்துக்கிட்டு நின்னா. நேத்து ராத்திரி பார்த்தப்ப ஒண்ணும் இல்ல. சூடு வந்ததும் கை வந்துடுச்சு. தன்னோட மூணு விரலைச் சேர்த்து ஆவி மேல ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தா. மூணு கோடு. பக்கத்து பக்கத்துல. ஒரே அளவுல.

"அடப்பாவிங்களா," ன்னா.

"நான் ஒருத்தன்தானே தொட்டேன்," ன்னாரு அவர் வெளியிலேர்ந்து.

விரல்னு தெரிஞ்சு போச்சு. யார் விரல்? அவளும் கையுறை இல்லாம தொட மாட்டா, மணல் அண்ணனும் தொட மாட்டாரு. அன்னைக்கு முழுக்க அவ மண்டைக்குள்ள அதே ஓடுச்சு. மேனேஜர்கிட்ட போய்ச் சொன்னா. "விரல் தடமா? சரி சரி, எழுதிக் குடுங்க," ன்னாரு. எழுதிக் குடுத்தா. பேப்பரை வாங்கி மேல பேப்பர் வெயிட்டை வச்சாரு. அதோட சரி.

வியாழக்கிழமை இன்ஸ்பெக்டர் வந்தாரு. ஒல்லியான மனுஷன், கழுத்துல கயித்துல ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடி தொங்கும், அதனால ஷெட்ல எல்லாருக்கும் அவர் பூதக்கண்ணாடி. வழக்கமா அவர் வர்ற நேரத்துல இவ உள்ள ரூம்ல தலையுறையும் காதுமூடியுமா துப்பாக்கியைச் சூடு பண்ணிக்கிட்டு இருப்பா. வெளியில குண்டு விழுந்தாலும் தெரியாது. இன்னைக்கு முத்திரை இல்லாததால அதைச் செய்யக்கூடாதுன்னு, நாலாம் நம்பர்காரரை உள்ள அனுப்பிட்டு, இவளை 'கூப்பிடுறப்ப வாங்க'ன்னு ஓரமா நிக்க வச்சிருந்தாங்க. பள்ளிக்கூடத்துல பெஞ்சு மேல ஏத்தின மாதிரி.

அப்பதான் பார்த்தா.

மணல் அண்ணன் கொத்தி முடிச்ச தகடுங்களைத் தட்டுல அடுக்கி வச்சிட்டுத் தள்ளி நின்னாரு. மேனேஜர் வாயெல்லாம் பல்லா, "வாங்க சார், வாங்க சார். எங்க வேலையோட சிறப்பே இந்தச் சொரசொரப்புதான். கை வச்சுப் பாருங்களேன்," ன்னாரு. சொல்லிட்டு அவரே மேல இருந்த தகட்டுல மூணு விரலை வச்சுக் குறுக்கால ஒரு இழுப்பு இழுத்துக் காட்டினாரு. பூதக்கண்ணாடியும் அடுத்த தகட்டுல அதே மாதிரி இழுத்துட்டு, "ம், நல்லா இருக்கு," ன்னாரு. புடவைக் கடையில துணி பார்க்கிற மாதிரி.

அவளுக்குக் கோபம் உச்சந்தலையில ஏறிடுச்சு. ரெண்டே எட்டுல மணல்கிட்ட போனா.

"அண்ணே, இது எத்தனை நாளா நடக்குது?"

"எது? இதுவா? இவர் வர்றப்பல்லாம் நடக்குதே. மூணு தடவை வந்தாரு, மூணு தடவையும்."

"கண்ணால பார்த்துட்டு ஏண்ணே ஒரு வார்த்தை சொல்லல?"

"எங்கம்மா சொல்றது? கையுறை ரூல் நமக்குத்தானே போட்டிருக்கு? சாருக்குன்னு போடலையே."

அவருக்கு ஒண்ணும் புரியாம இல்ல. எனக்கென்ன வந்துச்சுன்னு இருந்துட்டாரு. இப்படி எனக்கென்ன, எனக்கென்னன்னு ஆளாளுக்கு இருந்ததுக்குத்தான் இவ கையில நடுக்கம்னு ரிப்போர்ட்.

அவ நேரா தட்டுகிட்ட போய் நின்னா. "சார், இந்த ரெண்டு தகடும் இப்ப கெட்டுப் போச்சு."

மேனேஜர் முகம் சுருங்கிடுச்சு. "ஏம்மா, பெரியவங்க பேசிக்கிட்டு இருக்கும்போது..."

"பெரியவங்க பேசினா பரவாயில்ல சார். தொடுறீங்களே." பூதக்கண்ணாடி பக்கம் திரும்பினா. "நீங்க உரிஞ்சுதுன்னு திருப்பி அனுப்பின தகட்டுல எத்தனை கோடு சார்? மூணுதானே? நீளவாக்குலயா, குறுக்காலயா?"

"குறுக்கால," ன்னாரு அவர்.

"இப்ப நீங்க எத்தனை விரலால, எந்தப் பக்கமா இழுத்தீங்க?"

ஷெட்ல மணல் ஊதுற மெஷின் கூட அந்த நேரம் பார்த்து நின்னிருந்துச்சு. இன்ஸ்பெக்டர் தன் விரலைத் தூக்கிப் பார்த்தாரு. கண்ணாடியை வச்சும் பார்த்தாரு. "என் கை சுத்தமாதான் இருக்கும்மா. இப்பதான் சோப்பு போட்டுக் கழுவினேன்."

"எங்க வீட்டுக்காரரும் அதான் சொன்னாரு."

"அதோட, எல்லாத் தகட்டையும் நாங்க தொடலையே?"

"மேல இருக்கிறதைத் தொடுறீங்க. பூச்சு அடிச்சதும் அதே வரிசையிலதான் அடுக்குறோம், நீங்க எடுத்துட்டுப் போய் உலையில வைக்கிறதும் மேல இருக்கிற அந்த ரெண்டைத்தான். சின்ன வில்லையை யாரும் தடவிப் பார்க்கல, அதனால அது உரியல. கீழ இருந்த தகட்டுல ஒண்ணையாவது வச்சுப் பார்த்தீங்களா?"

மேனேஜர் நடுவுல புகுந்தாரு. "சார், அவங்க கொஞ்சம் டென்ஷன்ல இருக்காங்க. நாம டீ சாப்பிட்டுட்டு..."

"டீ அப்புறம் குடிக்கலாம் சார்," ன்னா அவ. "இந்த ரெண்டு, நீங்க தொட்டது. அடியிலேர்ந்து நான் ரெண்டு எடுக்கிறேன், யாரும் தொடாதது. நாலுக்கும் பின்பக்கம் அடையாளம் கீறிக்கிறேன். ஒரே தூள், ஒரே துப்பாக்கி, இதே நடுங்குற கை. நாலையும் உலையில வைங்க. நாலும் உரிஞ்சா நானே பேக்கிங்குக்குப் போறேன். பெட்டி ஒட்டுற டேப்பை நானே வாங்கிட்டு வரேன்."

பூதக்கண்ணாடி விரலைக் கைக்குட்டையில துடைச்சுக்கிட்டாரு. "அடிக்கட்டும்," ன்னாரு. அவர் சொல்லிட்டா மேனேஜருக்கு வேற வாய் ஏது? "அதான் சார் நானும் நினைச்சேன்," ன்னாரு.

அவ அடிச்சா. முதல்ல உலோகப் பூச்சு, பிடிமானத்துக்கு. அதுக்கு மேல வெள்ளை. கோபத்துல அடிச்சா கை ஓடும்னு பயந்தா, ஆனா துப்பாக்கியைப் பிடிச்சதும் கோபம் தோளோட நின்னுடுச்சு, மணிக்கட்டுக்கு வரல. நாலும் முட்டை ஓடு மாதிரி வந்துச்சு. எது தொட்டது, எது தொடாததுன்னு திருப்பிப் பார்க்காம அவளுக்கே தெரியல. அட்டையில முத்திரை வைக்கப் போறப்பதான் ஞாபகம் வந்துச்சு. அது டிராயர்ல கிடக்கு. 'சோதனை'ன்னு பேனாவால எழுதினா.

அதுக்கப்புறம் பதினோரு நாள். உலைக்கு அவசரம் கிடையாது. காயும், ஆறும், காயும், ஆறும். அது வரைக்கும் அவ பேக்கிங்லதான். ஏழாம் நம்பர் பேக்கிங்குக்கு வந்துடுச்சுன்னு ஷெட் பூரா பேச்சு. தனக்குப் பதிலா நாலாம் நம்பர்காரர் அடிச்ச தகடுங்களை அவளே சுத்திப் பெட்டியில போட்டா. நல்லாதான் அடிச்சிருந்தாரு, ஒரு ஓரத்துல மட்டும் லேசா கனம். யாரும் கேட்கல, அவளும் சொல்லல. வீட்டுக்குப் போனா நாத்தனார், "என்ன அண்ணி, பரீட்சை ரிசல்ட் வந்துச்சா?" ன்னு தினமும். பத்தாம் நாள் மட்டும் கேட்காம, காபியைப் போட்டு முன்னாடி வச்சிட்டுப் போயிட்டா. அது கேட்டதை விட மோசமா இருந்துச்சு. தோத்தவளுக்குத்தானே இப்படிப் போட்டுக் குடுப்பாங்க?

பன்னண்டாம் நாள் காலையில மேனேஜர் ரூமுக்குக் கூப்பிட்டாங்க. பூதக்கண்ணாடி முன்னாடியே உட்கார்ந்திருந்தாரு. மேஜையில நாலு தகடு. ரெண்டு அப்படியே, சூட்டுல லேசா மஞ்சளாகி. மத்த ரெண்டுல மூணு மூணு கோடு, குறுக்கால. ஒண்ணுல கோடு ஒல்லியா, இன்னொண்ணுல தடியா. மேனேஜர் விரல் கொஞ்சம் தடிதான்.

அவ நாலையும் திருப்பி, பின்பக்கம் தான் கீறின அடையாளத்தைச் சரி பார்த்தா.

"நான் அப்பவே சொன்னேன்ல சார், விரல் தடமா இருக்கும்னு," ன்னாரு மேனேஜர். பேப்பர் வெயிட்டுக்கு அடியில இருந்த அவ எழுதின பேப்பரை எடுத்துக் காட்டினாரு. அதுல அவ கையெழுத்து இருக்கிறது கூட அவர் கண்ணுக்குத் தெரியல. டிராயரைத் திறந்தாரு. முத்திரையை வெளிய எடுத்தாரு. எடுத்துக் குடுத்துடலாம்ல? மாட்டாரே. அதுக்கு முன்னாடி ஒரு பாரத்தை நீட்டினாரு. "இதுல ஒரு கையெழுத்து மட்டும் போட்டுடுங்கம்மா."

அவ படிச்சா. காரணம்: ஆபரேட்டர் வெறும் கையால் தொட்டது. தீர்வு: ஆபரேட்டருக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது.

"ஆபரேட்டரா சார் தொட்டாங்க?"

"பாரத்துல ஆபரேட்டர், மெஷின், தூள், இந்த மூணுக்குத்தாம்மா கட்டம் இருக்கு. விசிட்டர்னு கட்டமே இல்ல. ஹெட் ஆபீஸ் அச்சடிச்சது."

"மேனேஜர்னு?"

"அதுவும் இல்ல."

மூணு லாட், ரெண்டு மாசம், பதினோரு நாள் பேக்கிங். கடைசியில தொடக்கூடாதுன்னு இவளுக்குப் பயிற்சி. அவ பாரத்தைத் திருப்பி மேஜையில அவர் பக்கமா வச்சா.

"கீழ ரெண்டு கட்டம் இருக்கு பாருங்க சார். பயிற்சி கொடுத்தவர், பயிற்சி பெற்றவர். கொடுத்தவர்ல நான் போடறேன். பெற்றவர்ல தொட்டவங்க போடட்டும்."

"ஏம்மா, இது என்ன விளையாட்டா?"

"நான் விளையாடல சார். கை வச்சவங்கதானே கத்துக்கணும்?"

மேனேஜர் சிரிச்சு மழுப்பப் பார்த்தாரு. பூதக்கண்ணாடி மட்டும் சிரிக்கல. ஒல்லிக் கோடு விழுந்த தகட்டை இன்னொரு தடவை கண்ணாடி வச்சுப் பார்த்தாரு. பேனாவை எடுத்தாரு. பயிற்சி பெற்றவர்ங்கிற கட்டத்துல கையெழுத்துப் போட்டு மேனேஜர் பக்கம் தள்ளினாரு. கஸ்டமர் போட்டா மேனேஜர் போடாம இருப்பாரா? கஷாயம் குடிச்ச முகத்தோட போட்டாரு. ஆனா மேல 'ஆபரேட்டர் தொட்டது'ங்கிற வரியை மட்டும் அடிக்க மாட்டேன்னுட்டாரு. அச்சடிச்சதாம். அடிச்சா திருப்பி அனுப்பிடுவாங்களாம். அது அப்படியேதான் இருக்கு, இன்னைக்கும் ஏதோ ஒரு பைல்ல.

அவ தன் கட்டத்துல கையெழுத்துப் போட்டா. முத்திரையை மேஜையிலேர்ந்து எடுத்து ஊதினா. பதினஞ்சு நாள்ல ரப்பர் காஞ்சு போயிருந்துச்சு. மையில ரெண்டு தடவை அமுக்கினதுக்கு அப்புறம்தான் ஏழு ஏழா விழுந்துச்சு.

மூணு பேருமா ஷெட்டுக்குள்ள வந்தாங்க. மணல் அண்ணன் அன்னைக்கு லாட்டைக் கொத்தித் தட்டுல வச்சிருந்தாரு. முத்திரை அவ முந்தானை முடிச்சுல பத்திரமா இருந்துச்சு. இனிமே எந்த டிராயரும் வேண்டாம்.

"பாருங்க சார்," ன்னாரு மேனேஜர் பூதக்கண்ணாடிகிட்ட, பழைய உற்சாகத்தோட. "இன்னைக்குச் சொரசொரப்பு இன்னும் பிரமாதம்..." விரல் மூணும் தானா முன்னாடி நீண்டுச்சு.

"கையை எடுங்க சார்!"

மெஷின் சத்தத்தையும் மீறிக் கேட்டுச்சு. மேனேஜர் கை நடுவுலயே நின்னுடுச்சு. பூதக்கண்ணாடி ரெண்டு கையையும் பின்னால கட்டிக்கிட்டாரு. நாலாம் நம்பர்காரர், ஒண்ணும் தொடாதவர், அவரும் கையைத் தூக்கிட்டாரு. மணல் அண்ணன் புருவத்துத் தூசியோட இவளைப் பார்த்து, "அதான் பயிற்சி குடுத்தியேம்மா," ன்னாரு.

"குடுத்து அஞ்சு நிமிஷம் கூட ஆகலைண்ணே," ன்னுட்டு அவ கையுறையை மாட்டிக்கிட்டா.